குடும்பத்தாருக்கு எதிர் அறை

கேமராக்காரிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் பார்த்த வேலை அப்படி. பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றில், சரக்கு இறங்கும் வாசலுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத ஓர் அறை. சுவர் முழுக்கத் திரைகள். காலையிலிருந்து அந்தத் திரைகளில் வருகிறவர் போகிறவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் ஏமாந்து போவோம், கையைப் பார் என்பதுதான் அந்த வேலையின் முதல் பாடம். சோப்பு வாங்க வந்தவர் சோப்பைப் பார்ப்பார். சோப்பைச் சுட வந்தவர் முதலில் கூரையைப் பார்ப்பார். கூரையைப் பார்த்த யாரையும் அவள் லேசில் விட்டதில்லை. ஒருமுறை மேனேஜரின் மாமியாரையே சாக்லேட்டும் கையுமாகப் பிடித்துக் கொடுத்தாள். பிடித்ததற்குப் பாராட்டா கிடைத்தது? நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து மேனேஜர் தன்னை வேலையை விட்டுத் தூக்கச் சமயம் பார்க்கிறார் என்று அவளுக்கு ஒரே சந்தேகம். கடையில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவளைக் கேமராக்காரி என்றுதான் சொன்னார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். திரையில் உதடு அசைவதை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

இப்படி ஊரையே சந்தேகப்பட்ட பெண்மணி வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டால், குடித்துக்கொண்டிருந்தாள். பூசி மெழுகுவானேன்? அடுக்களையில் வினிகர் பாட்டில் இருக்கும், அதில் இருப்பது வினிகர் இல்லை. சாயங்காலம் ஆனால் இடுப்பு வலி வந்துவிடும். ரப்பர் ஒத்தடப் பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவாள். அந்தப் பையில் இருப்பதும் சுடுதண்ணீர் இல்லை. திருடர்கள் எங்கெங்கே ஒளிப்பார்கள் என்று வருஷக்கணக்காகப் பார்த்தவளுக்கு ஒளிக்கவா தெரியாது?

அவள் புருஷன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பி வாழ்க்கையை ஓட்டுகிறவர். எத்தனையோ பேர் அவரைச் சுவரில் கொண்டுபோய் மோதப் பார்த்திருக்கிறார்கள். "பாத்து, பாத்து" என்பதைத் தாண்டி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. குடி என்ற பேச்சுக்கே இடமில்லாத மனிதர். இருமல் மருந்தைக்கூட மூடியில் அளந்துதான் குடிப்பார். பெண்டாட்டியின் இடுப்பு வலி என்ன வலி என்று அவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தெரிந்தும் பாத்து, பாத்து என்றே காலம் தள்ளினார்.

அந்த மழை நாளோடு அது முடிந்தது. அன்று மகளை நீச்சல் வகுப்பிலிருந்து அழைத்து வர வேண்டியது கேமராக்காரி. மாஸ்டர் வகுப்பை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவள் ஒத்தடப் பையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது, நனைந்த தலையோடு நீச்சல் குளத்துக் காவலாளியின் கூண்டுக்குள் குட்டி உட்கார்ந்திருந்தாள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை அந்தக் குழந்தையை, வீட்டிலும் தெருவிலும் குட்டிதான். காரில் ஏறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மாவுக்கு இடுப்பு வலியாப்பா?" என்பது.

மாஸ்டர் அன்றைக்கும் கத்தவில்லை. கத்தியிருந்தால் கேமராக்காரிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க அக்கா வீட்டுல குட்டிய விட்டுடறேன். அங்கயே ஸ்கூல் சேத்துடலாம்னு அக்காவும் சொல்லிட்டா."

"என் பொண்ண என்கிட்டேர்ந்து பிரிக்கப் பாக்கறீங்களா?"

"லீவு முடியற வரைக்கும் பாக்கறேன். குடிய விடறதுக்குன்னு கூட்டம் நடத்தறாங்களாம், எங்கயாவது போ. நிஜமாப் போ. இல்லன்னா ஸ்கூல் திறக்கறதுக்கு முந்தி அவ அங்க இருப்பா."

குட்டி இல்லாத வீட்டைக் கேமராக்காரியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதே சமயம், இந்த அக்காவும் தம்பியும் எத்தனை நாளாக இதைப் பேசி வைத்திருக்கிறார்கள் என்றும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது மனசு. நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை. போதாதா?

மறுநாள் வேலை இடைவேளையில், கூட்டங்களைப் பற்றிச் சொல்லும் எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் குரலில் தேன் ஒழுகியது. தேன் ஒழுகுகிற குரல் எதுவும் அவளுக்குப் பிடிக்காது.

"வணக்கம்மா. வீட்டுக்காரரா, பையனா?"

"என்னது?"

"குடிக்கறது வீட்டுக்காரரா பையனான்னு கேட்டேன்மா. கவலப்படாதீங்க, உங்க பேரெல்லாம் கேக்க மாட்டோம்."

அவள் பட்டென்று வைத்துவிட்டாள். பெயரைக் கேட்காதவர்கள் எதற்குக் கேட்காமல் இருக்கிறார்கள்? ஏற்கெனவே தெரிந்திருக்கும், அதான்! அரை நாள் யோசித்து, பொதுத் தொலைபேசியைத் தேடிப் பிடித்து மறுபடியும் கூப்பிட்டாள். "எங்க அண்ணனுக்காகக் கேக்கறேன்" என்றாள். இரண்டு முகவரிகள் கிடைத்தன. இல்லாத அண்ணனுக்கு அந்தத் தேன்குரல் ஆறுதல் வேறு சொன்னது.

முதல் முகவரி பஸ் நிலையத்துக்குப் பின்னால், அச்சகத்துக்கு மேல் மாடியில். படியெல்லாம் மை வாசனை. கதவைத் திறந்தாள். உள்ளே இருந்தது அத்தனையும் ஆண்கள். பேச்சு நின்றது. ஏதோ கல்யாணப் பெண் வந்த மாதிரி எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மரியாதைக்குத்தான் எழுந்தார்கள், பாவம். அவளுக்கு அது மரியாதையாகப் படுமா? ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒல்லி மனிதன் அவளைப் பார்த்ததும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டான். போன் எடுக்கிறான். படம் பிடிக்கிறான். மேனேஜர் அனுப்பிய ஆள்!

"யாரத் தேடறீங்கம்மா?" என்றார் ஒருவர்.

"டைலர் கடை."

"அது அடுத்த தெரு."

அவள் படியிறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று கழன்று முன்னால் உருண்டது. ஒல்லி மனிதன் எடுத்தது மூக்கைச் சிந்தக் கைக்குட்டை. அதைப் பார்க்க அவள் அங்கே இல்லை.

வீட்டில் மாஸ்டர் கேட்டார். "போனியா?"

"போனேன். அது எனக்குச் சரிப்படாது. எல்லாம் ஆம்பளைங்க. அதுல ஒருத்தன் எங்க மேனேஜரோட ஆளு."

"மேனேஜர் எதுக்கு உம்பின்னால ஆள் அனுப்பறாரு?"

"மாமியார் விஷயம்."

மாஸ்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போனாளா இல்லையா என்று அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அது சும்மா இருக்குமா, வீட்டில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் தொற்றிக்கொள்ளும். அன்று ராத்திரி அவர் பரணிலிருந்து பெரிய பையை இறக்கித் தூசி தட்டினார். குட்டியின் துணிகளுக்கான பை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் இரண்டாவது முகவரிக்குப் போனாள். போகிற வழியில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். குடியை நிறுத்தப் போகிற இடத்துக்குக் குடிக்காமல் போக அவளுக்குத் தைரியம் இல்லை. பொது நூலகத்தின் பின்கட்டு. நீளமான நடை, இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு அறைகள். நடையில் மேசை போட்டு டீ கேனோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். இவளைப் பார்த்ததுமே அவருக்கு முகம் இளகிவிட்டது.

"வாங்கம்மா. புதுசா? பயப்படாதீங்க. குடும்பத்தாருக்கு இந்த ரூம். குடிக்கறவங்களுக்குத்தான் எதிர் ரூம்."

சொல்லிவிட்டுக் கதவையும் திறந்து பிடித்தார். "இல்லைங்க, நான் அந்த ரூம்" என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வரைக்கும் வந்தது. உள்ளே பார்த்தாள். பாதிக்கு மேல் பெண்கள். ஒருத்தியும் எழுந்து நிற்கவில்லை. ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். பெரியவர் அவள் கையில் டீயைக் கொடுத்துவிட்டார். கேமராக்காரி உள்ளே போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு நிம்மதியாக எந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை.

கூட்டத்தை நடத்தியது ஒரு தையல் டீச்சர். கழுத்தில் அளவு நாடா தொங்கவே வந்துவிடுவார். பக்கத்தில் ஒரு பேக்கரிக்காரர், அவருக்குக் குடிக்கிற மகன். மூலையில் ஒரு காலேஜ் பெண், யாருக்காக வந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். இவள் முறை வந்தது.

"இஷ்டமிருந்தா சொல்லும்மா, கட்டாயமில்ல" என்றார் தையல் டீச்சர்.

"என் வீட்டுக்காரரு" என்று ஆரம்பித்தாள் கேமராக்காரி. "குடிக்கறாரு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் எல்லோரும் எவ்வளவு கனிவாகத் தலையாட்டினார்கள் தெரியுமா? அதற்கப்புறம் யார் அவளை நிறுத்த முடியும்? வினிகர் பாட்டில் வந்தது. ஒத்தடப் பை வந்தது. "இடுப்பு வலின்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிடுவாருங்க" என்றதும், "அடப்பாவி!" என்றது கூட்டம். நீச்சல் வகுப்பில் மகளை மறந்துவிட்டுத் தூங்கியதைச் சொன்னபோது அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அழ வேண்டிய அழுகைதான், ஆள்தான் மாறிவிட்டது. பாவம் மாஸ்டர், அந்த நேரத்தில் யாருக்கோ வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பேக்கரிக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "தங்கச்சி சொன்னாங்களேன்னு வீட்டுல ஒத்தடப் பையத் திறந்து பாத்தேன். ரெண்டு மடக்கு மிச்சம் இருந்துச்சு."

கூட்டம் கேமராக்காரியை வியப்போடு பார்த்தது. தையல் டீச்சருக்கு மட்டும் பிடிக்கவில்லை. "பாட்டிலைத் தேடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றேன்? தேடறதும் ஒரு நோய்தான். குடிக்கறவங்க குடிக்கத்தான் போறாங்க, நம்ம தூக்கத்த எதுக்குக் கெடுத்துக்கணும்? கோவப்படாம தள்ளி நில்லுங்க."

இந்த அறிவுரை கேமராக்காரிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் என்ன செய்யும்!

வாரா வாரம் போனாள். வீட்டில் "லைப்ரரி கூட்டத்துக்குப் போயிட்டு வந்தேன்" என்றபோது அதில் பொய் இல்லை. முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் குடித்தாள் என்பதும் பொய் இல்லை. சனிக்கிழமை மட்டும் கணக்கில் சேராது. ஆனால் மாஸ்டர் வேறொன்றைக் கவனித்தார். கூட்டத்திலிருந்து திரும்பும்போது இவள் முகம் பளிச்சென்றிருந்தது. ஏதோ பாராட்டு விழாவுக்குப் போய்விட்டு வருகிற மாதிரி வந்தாள்.

ஒரு நாள் அவர் அடுக்களை அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"தேடாதீங்க. தேடறதும் ஒரு நோய்தான்."

மாஸ்டர் திரும்பினார். "என்ன சொன்ன?"

"கோவப்படாம தள்ளி நில்லுங்க. நீங்க உங்க தூக்கத்தக் கெடுத்துக்கறீங்க."

"இதெல்லாம் அங்க சொல்லித் தர்றாங்களா? குடிக்கறவங்களுக்கு?"

"பின்ன?"

மாஸ்டர் அலமாரியை மூடினார். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்தாள் அவள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

லீவு முடிய இருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. மாஸ்டர் ஒன்றும் சொல்லாததால் குட்டி இங்கேயேதான் இருக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் கேமராக்காரி. அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில், இதுவரை வாயே திறக்காத காலேஜ் பெண் பேசினாள்.

"எங்க வீட்டுல அம்மாதான்" என்றாள்.

கேமராக்காரி டீயைக் கீழே வைத்தாள்.

"கதவுல சாவி போடற சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுடும். ஒரே தடவைல சாவி போச்சுன்னா நல்ல அம்மா. தடவித் தடவிப் போட்டா வேற அம்மா. சின்ன வயசுல நான் ரூமுக்குள்ள உக்காந்து அந்தச் சத்தத்தையே கேட்டுட்டு இருப்பேன். ஸ்கூல்ல எல்லாருக்கும் அம்மா வருவாங்க. எங்க அம்மா வந்துடக் கூடாதேன்னு நான் வேண்டிக்குவேன்."

கேமராக்காரிக்கு முதலில் வந்தது கோபம். இந்தப் பெண்ணை யார் அனுப்பினார்கள்? மாஸ்டர்தான். நாத்தனார் பணம் கொடுத்துப் பேச வைத்திருக்கிறாள். இல்லாவிட்டால் வாரக்கணக்கில் ஊமையாக இருந்தவளுக்கு இன்றைக்குப் பார்த்து வாய் எப்படித் திறந்தது? பெண்ணின் கைகளைப் பார்த்தாள். துப்பட்டாவின் நுனியை முறுக்கி முறுக்கி அது கயிறாகிவிட்டிருந்தது. விரல் நகமெல்லாம் கடித்து வைத்திருந்தாள். வேஷம் போடுகிற கை இல்லை அது. வருஷக்கணக்காகக் கைகளைப் பார்த்தவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது, தெரிந்ததுதான் தாங்க முடியவில்லை.

"ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண் இவளைப் பார்த்து. "உங்க பொண்ணு அவங்க அப்பாவப் பாத்துப் பயப்படுதா?"

கேமராக்காரி வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. வாசலில் மாஸ்டர் நின்றார். "என் மனைவி இங்க வர்றாங்களா?" என்று அவர் கேட்டிருக்கிறார். மனைவி என்றதும் டீக்காரப் பெரியவர் யோசிக்காமல் இந்தக் கதவைக் காட்டிவிட்டார். மாஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கேமராக்காரி மேல் கண் நின்றது. அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கூட்டத்துக்கே விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

"இவர்தானா?" என்றார் தையல் டீச்சர் மெதுவாக.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேக்கரிக்காரர் அதற்குள் எழுந்து போய் மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"தம்பி, நீங்களா வந்தீங்களே, அதுவே பெரிய விஷயம். எம் பையன் வரமாட்டேங்கறான். தங்கச்சி எல்லாம் சொல்லியிருக்கு, வெக்கப்படாதீங்க. அந்த ஒத்தடப் பை, வினிகர், எல்லாம் இங்க எல்லாருக்கும் தெரியும். இது குடும்பத்தார் ரூம். உங்க ரூம் எதிர்ல இருக்கு."

மாஸ்டர் பேக்கரிக்காரரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். தேடுவதும் ஒரு நோய்தான் என்று தனக்கு யார் பாடம் எடுத்தார்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்பது அவருக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் போதும், அவள் மானம் அந்த நடுக்கூடத்தில் கப்பலேறியிருக்கும். சொல்லத்தான் போகிறார் என்று அவள் கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

"சரிங்க" என்றார் மாஸ்டர்.

திரும்பி நடையைக் கடந்து எதிர் அறைக்குள் போனார். கதவு மூடும் சத்தம் கேட்டது.

இது என்ன தந்திரம் என்றுதான் அவள் மனசு முதலில் தேடியது. பழகிய மனசு, வேறெப்படித் தேடும்? எங்கே தேடியும் தந்திரம் எதுவும் அகப்படவில்லை. அவளைச் சுற்றி ஒரே கொண்டாட்டம். தையல் டீச்சர் முதுகைத் தடவிக் கொடுத்தார். "உன் பொறுமைக்குக் கெடச்ச பலன்மா" என்றார் யாரோ. காலேஜ் பெண் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"உங்க பொண்ணு குடுத்து வச்சவ ஆன்ட்டி. எங்க அம்மா ஒரே ஒரு நாள் அந்த ரூமுக்குள்ள போயிருந்தா..." மேலே சொல்ல முடியாமல் அழுதாள்.

கேமராக்காரிக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. இந்தக் குழந்தை கட்டிக்கொண்டு அழுகிறது, யாரைக் கட்டிக்கொண்டு அழுகிறது என்று அதற்குத் தெரிந்தால் தள்ளிவிடும். "இதோ வரேன்மா" என்று விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

நடையில், டீ மேசைக்குப் பக்கத்து பெஞ்சில் குட்டி உட்கார்ந்திருந்தாள். தலை படிய வாரி, ஊருக்குப் போகிற உடுப்புப் போட்டு. காலடியில் பரணிலிருந்து இறக்கிய அந்தப் பெரிய பை, பிதுங்கப் பிதுங்க. அக்கா வீட்டுக்குப் போகிற வழியில்தான் மாஸ்டர் வண்டியை இங்கே நிறுத்தியிருக்கிறார். இவள் நிஜமாக வருகிறாளா என்று கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று.

குட்டி எழுந்து வந்து கட்டிக்கொள்ளவில்லை. பெஞ்சிலிருந்தபடியே அம்மாவின் முகத்தையும் கால் வைக்கிற விதத்தையும் ஒரு தரம் பார்த்தாள். இன்றைக்கு எந்த அம்மா என்று பார்க்கிறாள். உள்ளே காலேஜ் பெண் இப்போதுதான் சொன்னதைக் குட்டி வாய் திறக்காமல் செய்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அது குடிக்கறவங்க ரூமாம், தாத்தா சொன்னாரு" என்றாள் குட்டி, குரலைத் தாழ்த்தி. "அப்பா தப்பான ரூமுக்குப் போயிட்டாரும்மா. நீ போய்ச் சொல்லேன்."

டீக்காரப் பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேமராக்காரி எதிர்க் கதவுக்கு நடந்தாள். நாலு எட்டு நடைதான், அதற்குள் அவளுக்கு வியர்த்து வழிந்தது. கதவைத் திறந்தாள்.

உள்ளே வட்டமாக நாற்காலிகள். மாஸ்டர் கையில் டீயோடு ஓரத்து நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தை நடத்தியவர் பழைய பஸ் கண்டக்டர் போல, அந்தத் தொண்டை காட்டிக் கொடுத்தது.

"அவசரமில்ல தம்பி. தோணறத சொல்லுங்க. பொய் மட்டும் வேணாம், அது இங்க எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்ச தொழிலு" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்று ஆரம்பித்த மாஸ்டர், பாதியில் நிறுத்தி டீயைப் பார்த்தார்.

கண்டக்டர் வாசலைக் கவனித்துவிட்டார். "குடும்பத்தாருக்கு எதிர் ரூம்மா."

"தெரியும்ங்க. அங்கேர்ந்துதான் வரேன்." கதவுப் பிடியை விடாமல் நின்றாள். "அவரு குடிக்கறதில்ல. ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்ல. நான்தான் குடிக்கறேன்."

பின்னால், நடைக்கு அந்தப் பக்கம், குடும்பத்தார் அறைக் கதவு திறந்தே இருந்தது. தையல் டீச்சருக்கும் பேக்கரிக்காரருக்கும் அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும். குட்டிக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் அவள் சத்தமாகச் சொன்னாள்.

மாஸ்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். மிகப் பக்கத்தில் நின்று, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இன்னிக்கும் குடிச்சியா?" என்றார்.

எத்தனையோ தடவை கேட்ட கேள்விதான். பதிலும் எப்போதும் தயாராக நாக்கு நுனியில் இருக்கும்.

"குடிச்சேன். வர்ற வழியில. ஒவ்வொரு சனிக்கிழமையும் குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

மாஸ்டர் நடையில் இருந்த பெரிய பையைப் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத்தான் போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. போனால் போகட்டும் என்று நினைக்க முடியவில்லை. அவர் தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

"உக்காரு. நாங்க பெஞ்சில இருக்கோம். குட்டிக்குப் பசிக்குதாம், முடிச்சிட்டு வா, வீட்டுக்குப் போலாம்."

வீட்டுக்கு என்றுதான் சொன்னார். அவர் வெளியே போனதும் வண்டி கிளம்புகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறவள்தான் அவள். அன்று அப்படித் தோன்றவில்லை. அவர் சொன்னார், அவள் நம்பினாள். நம்பியதில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த ஒருவர் கைக்குட்டையை நீட்ட, வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

"பேசறியா தங்கச்சி?" என்றார் கண்டக்டர்.

"பேசறேன்ணே. எதிர் ரூம்ல என் வீட்டுக்காரரப் பத்தி நெறைய சொல்லியிருக்கேன். அதெல்லாம் அவரு செஞ்சதில்ல, நான் செஞ்சது. முதல்லேர்ந்து சொல்றேன்."